வெயிலின்றி வரும் மாநிறம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டனர். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. அப்படுவான்கரையிலே, தான்தோன்றீஸ்வரப் பெருமான் கோயில்கொண்டருளும் கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த வயல்வெளிகளில், காலை முதல் மாலை வரை முதுகில் வெயிலைச் சுமந்து நிற்கும் உழவன் ஒருவனிடம், மாநிறம் என்பது போத்தலில் அடைத்து விற்கப்படும் பண்டம் என்று சொன்னால் அவன் நம்மைச் சற்று ஐயத்தோடே நோக்குவான். ஆயினும் அது விற்கப்படுகின்றது. இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று குடியிருக்கும் இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களின் மருந்துக்கடைகளிலே, வெயிலில் ஒரு கணமும் நில்லாது மேனியை மாநிறமாக்கும் களிம்புகளும் நுரைகளும் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விடுமுறைக்கு வந்த உறவினர் பெட்டியிற் கிடந்த அத்தகைய களிம்பொன்றை, முகத்தை வெளுப்பிக்கும் பூச்சென்று கருதித் தடவிக்கொண்டு, மறுநாட் காலை கண்ணாடி முன் திகைத்து நின்ற ஒருவரை யான் அறிவேன்.

இப்பூச்சுத் தோலின்மேல் யாது செய்கின்றது? அதனை அறிந்துகொள்வது வெறும் வேடிக்கைக்காக மட்டுமன்று. நம்மூரில் ஒருசாராருக்கு அது உண்மையாகவே உதவக்கூடும். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் தோலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நம் தோலின் மேற்பரப்பு உயிரற்றது. மேற்றோலின் அடிவரிசையிற் பிறக்கும் கலங்கள் சிறிது சிறிதாக மேலெழுந்து, தட்டையாகி, உட்கரு இழந்து, ஈற்றில் கெரற்றின் என்னும் புரதம் நிறைந்த செதில்களாக மாறி ஒன்றன்மேலொன்றாகப் படிகின்றன. நகமும் மயிரும் மாட்டின் கொம்பும் எப்புரதத்தாலானவையோ அவ்வினப் புரதமே இதுவாதலின் இதனைக் கொம்புப் படை என்பர். உடலின் பெரும்பகுதியில் இப்படையின் தடிப்பு ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் மாத்திரமே. உள்ளங்கையிலும் பாதத்திலும் பன்மடங்கு மிகும். மேலுள்ள செதில்கள் நாள்தோறும் நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர, கீழிருந்து புதியன வருகின்றன. கொம்புப் படை முழுவதும் இரண்டு கிழமை அளவிற் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

இயற்கை நிறம் உண்டாவது இப்படையிலன்று. அதற்கும் கீழே, மேற்றோலின் அடிவரிசையில். ஆங்கே நிறமாக்கும் கலங்கள் இடையிடையே அமர்ந்து மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கி அயற்கலங்களுக்கு வழங்குகின்றன. வெள்ளையர்க்கும் நமக்கும் அக்கலங்களின் தொகை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையும் பொதியப்படும் விதமுமே வேறு. ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்கள் தோலிற் பாயும்போது அவற்றால் ஊறுபட்ட கலங்கள் எழுப்பும் அபாயக் குரலைக் கேட்டு மெலனின் உற்பத்தி பெருகும். வெயிலிற் கறுத்தல் என நாம் சொல்வது, உள்ளே நேர்ந்த சேதத்துக்கு உடல் விரிக்கும் குடை.

பூச்சினால் வரும் மாநிறத்தில் இவ்வளவு கதையும் இல்லை. அது மெலனினைத் தொடுவதேயில்லை. உயிரற்ற கொம்புப் படையிலே நிகழும் ஓர் இரசாயனச் சாயமேற்றலே அது.

விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவர்கட்கு இதனை விளக்குதல் எளிது. ஆய்வுகூடத்திலே வெள்ளி நைத்திரேற்றுத் துளி பட்ட விரல் கறுத்ததையும், செறிந்த நைத்திரிக்கமிலம் பட்ட இடம் மஞ்சளானதையும், எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தும் போகாத அக்கறை சில நாட்களிலே தோலோடு உதிர்ந்ததையும் யார் மறப்பர்? நைத்திரிக்கமிலத்தின் மஞ்சள், தோற்புரதத்திலுள்ள சில அமினோ அமிலங்களோடு அது சேர்வதனால் வருவது. கறை என்பது மேலே ஒட்டிக்கிடந்த ஒன்றாய் இராமல், தோலின் பொருளே நிறம் மாறிய நிலையாய் இருந்தமையால் கழுவப் போகவில்லை. அமிலம் சுட்டது, இந்தப் பூச்சுச் சுடாது. மற்றபடி ஒப்புமை பொருந்தும்.

பூச்சின் உயிர்நாடியான பொருள் டைஐதரொட்சி அசற்றோன் என்பது. பெயர் நீண்டதாயினும் பொருள் எளிய சர்க்கரை; உண்மையிற் சர்க்கரைகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. குளுக்கோசில் ஆறு காபன் அணுக்கள் இருக்க, இதில் மூன்றே உள. கிளிசரினைச் சிலவகைப் பற்றீரியாக்களைக் கொண்டு ஒட்சியேற்றி இதனை ஆக்குகின்றனர். நம் உடலும் இதற்கு அந்நியமன்று. உண்ட மாப்பொருள் கலங்களிலே எரியும்போது இதன் பொசுபேற்று வடிவம் இடைவழியில் ஓயாது தோன்றி மறைந்துகொண்டேயிருக்கின்றது.

இதன் சாயமேற்றுங் குணம் பரவலாக அறியப்பட்ட வரலாறு சுவையானது. 1950களிலே ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாற்றி நகரிலே ஈவா விற்கென்ஸ்ரைன் என்னும் ஆய்வாளர், கிளைக்கோசன் சேமிப்பு நோயுற்ற குழந்தைகட்கு இச்சர்க்கரையைப் பேரளவில் வாய்வழி கொடுத்து ஆராய்ந்து வந்தார். மருந்தைச் சிந்துவதும் துப்புவதும் குழந்தைகளின் இயல்பன்றோ? சிந்திய இடங்களிலே சில மணி நேரத்தின்பின் தோல் கபில நிறமாயிற்று. உடுத்த துணியிலோ கறையில்லை. பிறர் கவனியாது விட்டிருக்கக்கூடிய இந்த வேற்றுமையே அவரைச் சிந்திக்கச் செய்தது. நீரிற் கரைத்துத் தோலிற் பூசிப் பார்த்தபோது அதே நிறம் வந்தது. ஹெலன் பெரி என்பாருடன் சேர்ந்து அவர் 1960இலே ‘சயன்ஸ்’ இதழில் இதனை வெளியிட்டார். வணிகர் காத்திருக்கவில்லை. அவ்வாண்டளவிலேயே இத்தகைய பூச்சுக்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டன.

துணியிலே படியாத கறை தோலிலே படிந்தது ஏன்? பருத்தித்துணி செலுலோசினாலானது, அதிற் புரதமில்லை. கெரற்றினோ அமினோ அமிலங்களாலாகிய சங்கிலி. ஆர்சினின், லைசின், கிசுற்றிடின் முதலியவற்றின் நைதரசனேந்திய அமினோக் கூட்டங்களோடு இச்சர்க்கரை கைகோத்து, பல படிகளைக் கடந்து, மெலனொயிடின் எனப்படும் கபிலநிறப் பெருமூலக்கூறுகளாகின்றது. பட்டும் கம்பளியும் புரதமேயாதலின் அவையும் இக்கறையை ஏற்கும். பூசிய கையோடு கூறைப்பட்டைத் தொடாதிருத்தல் நலம்.

சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடிக் கபிலநிறமாதலை 1912இல் விவரித்தவர் பிரான்சு தேசத்து லூயி கமீல் மயார். இவ்வினையை நாம் நாள்தோறும் அடுக்களையிற் காண்கின்றோம். பாணின் மேற்பொருக்கு அவ்வாறே சிவக்கின்றது. பாலும் சீனியும் நெடுநேரம் அடுப்பிற் கிடந்து பழுப்பேறுவதும், பிட்டுக்கு வறுக்கும் மா பதம் தப்பினால் நிறமும் மணமும் மாறுவதும் இதனாலேயே. அடுப்பிலே பெருவெப்பம் வேண்டியிருக்க, தோலிலே உடற்சூடு போதுமாகின்றதே எனின், டைஐதரொட்சி அசற்றோன் குளுக்கோசைவிட எத்தனையோ மடங்கு விரைவாக இவ்வினை புரியும் என்பதே விடை. பூச்சின்பின் சில மணி நேரம் எழும் ஒருவகை மணமும் இவ்வினையின் பக்கவிளைவே. வாசனைத் திரவியம் எவ்வளவு சேர்த்தும் அதனை முற்றாக மறைக்க உற்பத்தியாளரால் இயலவில்லை.

ஈண்டு ஒரு செய்தி. நீரிழிவுடையார் மூன்று மாதங்கட்கொருமுறை செய்விக்கும் இரத்தப் பரிசோதனையை வாசகர் பலர் நன்கறிவர் (நம் வயதினர்க்கு அதனை அறியாதிருக்கும் பாக்கியம் குறைவு). அதில் அளக்கப்படுவது, குருதியிலுள்ள ஈமோகுளோபின் புரதத்தில் எத்தனை பங்கு குளுக்கோசோடு இணைந்திருக்கின்றது என்பதே. அவ்விணைப்பும் மயார் விவரித்த வினையின் முதற்படியே. ஒரே இரசாயனம் பாணிலே மணமாகவும், இறந்த தோலிலே அலங்காரமாகவும், குருதியிலே எச்சரிக்கையாகவும் நிற்கின்றது.

பூசிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நிறம் தோன்றத் தொடங்கும். ஒரு நாள் வரையும் அதற்கு மேலும் ஆழமாகிக்கொண்டு போகும். பின்னர் செதில்கள் உதிர உதிர மங்கி, ஐந்து முதல் பத்து நாட்களில் மறையும். முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களிலே கொம்புப் படை தடித்திருத்தலின் அங்கெல்லாம் நிறம் மிகுந்து திட்டுத்திட்டாகும். பூசியபின் கையைக் கழுவ மறந்தவர் உள்ளங்கை தோடம்பழ நிறமாவது உறுதி. மெலனினின் நிறமும் மெலனொயிடினின் நிறமும் முற்றும் ஒன்றல்ல; அளவு மிஞ்சினால் செம்மஞ்சள் தலைகாட்டிக் கள்ளத்தை வெளிப்படுத்திவிடும்.

இவையனைத்தும் நமக்குப் பழகிய வேறொன்றை நினைவூட்டவில்லையா? மருதோன்றியைத்தான் சொல்கின்றேன். கலியாண வீட்டிலும் பெருநாளிலும் தமிழரும் முஸ்லிம்களும் அரைத்திடும் அவ்விலையிலே லோசோன் என்னும் செஞ்சாயப் பொருள், சர்க்கரையோடு கட்டுண்ட நிலையில் உறைகின்றது. அரைக்கும்போது இலை சிதைந்து, தேசிப்புளியின் துணையோடு அக்கட்டு அவிழ்கின்றது. விடுபட்ட லோசோன் கொம்புப் படைக்குட் புகுந்து கெரற்றினோடு பிணைகின்றது. இட்டவுடன் செம்மஞ்சளாய் நின்றது ஓரிரு நாட்களிற் கருஞ்சிவப்பாவதும், புறங்கையைவிட உள்ளங்கையில் அழகுறச் சிவப்பதும், நகத்திலே மாதக்கணக்காய் நிற்பதும், தோலில் தானாகத் தேய்வதும் மேற்சொன்ன காரணங்களாலேயே. பூச்சு மஞ்சளோ வேறு இனம். அது புரதத்தோடு இறுகப் பிணையாமையாற் சில நாள் முழுக்கிலும் வெயிலிலும் போய்விடும். இரசாயன நூல் வருமுன்பே நம் பாட்டிமார் இறந்த தோலுக்குச் சாயமேற்றும் கலையிற் கைதேர்ந்திருந்தனர் எனலாம்.

இவ்விரு சாயங்களும் உண்மையிலேயே ஒருமுறை சந்தித்தன. சூரிய ஒளி பட்ட மாத்திரத்திலே தோல் எரியும் ஒருவகைப் பரம்பரை நோயுடையார் உளர். அவர்தம் கொம்புப் படைக்குள்ளேயே ஒளிவடியொன்றை அமைத்துவிட்டால் என்னவென்று எண்ணிய அமெரிக்கத் தோல் வைத்தியர் பூசாறோவும் அவர்தம் துணைவரும், டைஐதரொட்சி அசற்றோனையும் மருதோன்றிச் சாயத்தையொத்த நப்தோகுயினோனையும் சேர்த்துப் பயன்படுத்திய முறையை 1966இல் வெளியிட்டனர். பாட்டியின் அம்மியும் சின்சினாற்றியின் ஆய்வுகூடமும் ஒரே படையிற் கூடிய இச்செய்தி எனக்கு மிக உவப்பானது.

ஆயினும் தனிப் பூச்சினை ஒளிவடியென நம்புதல் தவறு. பார்வைக்கு மாநிறம் வந்தாலும் கதிர்காக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். வெயிற்களிம்புகளின்மேல் அச்சிடப்படும் காப்பெண்ணாற் சொல்வதாயின் அது மூன்று நான்குக்கு மேற்போகாது. அதுவும் விரைவிற் குன்றும். பூசிய முதல்நாளில் வெயிலிற் செல்வது தோலுக்குக் கூடுதல் தீங்கு செய்யலாம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. பாசிக்குடாக் கடற்கரையிலே நண்பகலிற் படுத்துக் கிடக்கும் மேனாட்டார் செயலோடு ஒப்பிட்டால் போத்தலை நாடுவோரே புத்திசாலிகள் என்பேன். அறைக்குள்ளே செயற்கைக் கதிர் பாய்ச்சிக் கறுப்பாக்கும் படுக்கைகளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2009இலே மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்ற முதல் வகுப்பிற் சேர்த்துவிட்டது.

அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் டைஐதரொட்சி அசற்றோனை 1973 முதல் வெளிப்பூச்சுக்கு மாத்திரம் அனுமதித்துள்ளது. உதடு, கண்ணோரம், மூக்கின் உட்புறம் முதலிய மென்சவ்வுகளிற் படலாகாது, தெளிக்கும்போது சுவாசிக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பூச்சில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அது இருத்தலாகாதென 2021இல் விதித்தது. இவ்விதிகளெல்லாம் ஒரே கருத்தினின்று எழுந்தவை: உயிரற்ற படையிலே நிற்கும்வரை இப்பொருள் சாது, உயிருள்ள இழையத்தில் அதன் நடத்தையை நாம் சோதித்தல் வேண்டா.

இவ்வாசற்படியைத் தாண்டும் பொருள்களே அஞ்சத்தக்கன. கடற்கரைகளிலே உல்லாசப் பயணிகட்கு இடப்படும் ‘கறுப்பு மருதோன்றி’யில் மருதோன்றி பெயரளவுக்கே இருக்கும். கறுப்பைத் தருவது மயிர்ச்சாயத்திற் சேரும் பரா பெனிலீன் டைஅமீன். அது உட்புகுந்து ஒவ்வாமையைத் தூண்டிக் கொப்புளமும் தழும்பும் விளைக்கின்றது. கந்தசாந்தின் எனப்படும் செந்நிறப் பொருளை மாத்திரையாக விழுங்கி மேனிக்கு நிறமேற்றியவர்கள் சிலரது கண்விழித்திரையிற் பளிங்குகள் படிந்தன.

நம் நாட்டிலோ அவசரம் எதிர்த்திசையில். கறுப்பாக்கும் பூச்சைத் தேடுவார் இலர்; வெளுப்பிக்கும் பூச்சைத் தேடாதார் சிலரே. மெலனினை ஆக்கும் நொதியத்தை முடக்க வேண்டுமாயின் மருந்து உயிருள்ள படைக்கு இறங்கியே தீரல் வேண்டும். அவ்வாறிறங்கும் மலிவான பொருள்களுள் ஒன்று பாதரசம். மேற்றோலைக் கடந்த பாதரசம் குருதியிற் கலந்து சிறுநீரகத்தை அடைகின்றது. கேரளத்து மலப்புறம் மாவட்டத்திலே, 2021க்கும் 2023க்கும் இடையில் சிறுநீரிற் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்த கோட்டக்கல் வைத்தியர்கள், அவருள் 15 பேரிடம் அரியதொரு வகையைக் கண்டனர். அப்பதினைவருள் 13 பேர் வெளுப்பிக்கும் பூச்சுப் பயன்படுத்தியவர்கள். இது 2024இலே சிறுநீரக மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. உள்ளடக்கம் அச்சிடப்படாத டப்பியொன்று கலியாணத்துக்கு முந்திய மாதங்களில் வீட்டுக்குள் வருமாயின், விலையை விசாரிக்கும் தாய்மார் அதனுள் இருப்பது யாதென்றும் விசாரிப்பாராக.

நிற்க. தொடக்கத்தில், நம்மூரில் ஒருசாராருக்கு இம்மாநிறப் பூச்சு உதவக்கூடும் என்றேன். அவர் வெண்புள்ளியுடையார். உடலின் நோயெதிர்ப்புப் படை தன் சொந்த நிறமாக்குங் கலங்களையே பகையென மயங்கி அழிக்க, அவ்விடம் பால்போல் வெளுக்கின்றது. நூற்றுவருள் ஒருவர் அளவில் உலகெங்கும் உள்ள நிலை இது. வெள்ளையர் மேனியில் அது அவ்வளவாகத் தெரியாது. நம் மேனியிலே தூரத்திலிருந்தே கண்ணிற் படும். ‘வெண்குட்டம்’ என்னும் பொல்லாத பெயராலே அதற்கும் தொழுநோய்க்கும் முடிச்சுப் போட்டுவிட்டோம். வாவியின் நடுவே மாந்தீவிலே பல்லாண்டுகளாகத் தொழுநோயாளர் ஒதுக்கிவைக்கப்பட்டதைக் கண்டும் கேட்டும் வளர்ந்த நம்மவர்க்கு அவ்வச்சம் எளிதில் நீங்கவில்லை. குடி பார்த்து, படிப்புப் பார்த்து, எல்லாம் பொருந்திய சம்பந்தம் மணிக்கட்டிலுள்ள ஒரு வெள்ளைத் திட்டினால் முறிவதை யான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிற் கண்டிருக்கின்றேன். வெண்புள்ளி தொற்றாது. அத்திட்டிலே தொடுகையுணர்ச்சி குன்றாது. தொழுநோயின் திட்டோ பால்வெள்ளையாகாமல் மங்கலாகவோ செம்மையாகவோ இருந்து உணர்ச்சியை இழக்கும். அதுவும் இன்று கூட்டு மருந்துகளால் முற்றாக மாறும் நோயே. ஐயமுற்றோர் திட்டை மறைக்குமுன் தோல் வைத்தியரிடம் காட்டுதல் முறை.

நிறமாக்குங் கலங்கள் அழிந்த இடத்திலும் கொம்புப் படை பழுதின்றியே இருக்கின்றது. டைஐதரொட்சி அசற்றோனுக்கு மெலனின் வேண்டா, கெரற்றின் போதும். ஆதலின் வெளுத்த திட்டும் அதனால் நிறமேறும். தோல் வைத்தியர்கள் நெடுங்காலமாக இதனை மறைப்புப் பூச்சாக விதித்து வருகின்றனர். முகப்பூச்சு மாவைப்போல வியர்வையிற் கரையாமையும், தொட்ட துணியிற் படியாமையும் நம் வெப்ப நாட்டிலே பெரும் வசதிகள். நோயை இது மாற்றாது; மாற்றுவதாகச் சொல்லி விற்பவனிடம் வாங்கவும் வேண்டா.

பயன்படுத்த விழைவார்க்குச் சில குறிப்புக்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தே சிறிது தடவி இரண்டு நாட் பார்க்க. செறிவு குறைந்ததைத் தெரிந்து, சுற்றியுள்ள தோலின் நிறம் வரும்வரை நாளுக்கொரு முறையாகப் பூசுக; ஒரே நாளிற் கருக்க முயன்றால் செம்மஞ்சளே மிஞ்சும். திட்டின் விளிம்போடு நிறுத்தி, வெளியே வழிந்ததை ஈரத்துணியால் ஒற்றியெடுக்க. பூசியபின் ஐந்தாறு மணி நேரம் நீர் படாதிருத்தல் வேண்டுமாதலின் இரவே ஏற்ற வேளை. நிறமேறிய திட்டும் வெயிலில் எரியக்கூடியதே. வயலுக்கோ தேர் வடத்துக்கோ செல்வோர் அதனைத் துணியால் மூடிக்கொள்க. விரல் நுனிகளில் நிறம் நெடுநாள் நில்லாது. சோறு பிசைந்து நாளில் மூன்று முறை கழுவும் கையிலே செதில் விரைந்து தேயும். போத்தலைத் தணுப்பான இருட்டிடத்தில் வைத்தல் முக்கியம். இச்சர்க்கரை வெப்பத்திற் கெடும். நம்மூர் வெயில் விழும் யன்னலோரத்திற் சில மாதம் இருந்த போத்தல், தானே பழுப்பேறிப்போய்த் தோலுக்கு ஒன்றும் தராது.